பால் இறங்குமுன் வீட்டுக்கு

ரொறன்ரோவில் சுகப்பிரசவம் ஆன தாயை ஆஸ்பத்திரி ஏறத்தாழ ஒரு நாள் வைத்திருக்கும். சத்திரசிகிச்சை என்றால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. பால் இறங்குவதோ பெரும்பாலான பெண்களுக்கு இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். மார்பு கனத்து, சட்டை நனைந்து, பிள்ளை மடக் மடக்கென்று குடிக்கத் தொடங்கும் நேரத்தில் பக்கத்தில் தாதி எவரும் இருக்கமாட்டார். ஸ்காபரோவில் ஏதோ ஓர் அடுக்குமாடியின் பதினான்காம் தட்டில் நீங்களும் பிள்ளையும் மாமியும் இருப்பீர்கள். கணவர் பம்பர்ஸ் வாங்கக் கடைக்குப் போயிருப்பார்.

ஆகவே ஆஸ்பத்திரியில் கிடைக்கும் அந்த ஒன்றிரண்டு நாட்களை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. பூங்கொத்து, பலூன், வட்ஸ்அப்பில் படம் எல்லாம் பிறகும் செய்யலாம். பால் கொடுக்கப் பழக்கிவிடுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள், மணியை அழுத்தினால் வரும் தூரத்தில், காசில்லாமல் கிடைப்பது அந்த நாட்களில் மட்டுந்தான்.

என் மூத்த மகள் இந்த நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில்தான் பிறந்தாள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. அப்போது நான் வந்து எட்டு மாதம். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை கத்தியது. தாதி வந்து பார்த்தார், ஏதோ கேட்டார், நான் தலையாட்டினேன். அடுத்த நிமிடம் சின்னக் கண்ணாடிப் போத்தலில் மாப்பால் வந்தது. பிள்ளை குடித்துவிட்டு நாலு மணித்தியாலம் அசையாமல் நித்திரை. எனக்கும் நிம்மதி. காலையில் மார்பில் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது கிழமை முடிவதற்குள் என் பால் வற்றிவிட்டது. எனக்குப் பால் சுரக்காத உடம்பு என்றுதான் ஐந்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பிள்ளைக்கு வேறு ஆஸ்பத்திரி. அங்கே வயதான தாதி ஒருவர் கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையையே பிடித்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் காம்பிலிருந்து ஓர் அங்குலம் பின்னால் வைத்து, முதலில் நெஞ்சுப்பக்கம் அமத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து நசிக்கச் சொல்லிக் காட்டினார். முதலில் ஒன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு முறைக்குப் பிறகு காம்பின் நுனியில் ஒரு துளி நின்றது. மஞ்சள் கரைத்த தேன்போலத் தடிப்பாக, விழமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு. அதைப் பிளாஸ்ரிக் கரண்டியில் வழித்தார். இன்னொன்று. இன்னொன்று. கால் மணி நேரத்தில் கரண்டியின் அடி மட்டும் மறைந்தது. அதைப் பிள்ளையின் உதட்டில் வைக்க, நாக்கை நீட்டி நக்கிக் குடித்தான். ‘இது போதும்’ என்றார். முதல் நாளில் பிள்ளையின் இரைப்பை கொள்ளுவதே ஒரு தேக்கரண்டி, ஒன்றரைத் தேக்கரண்டி அளவுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பையன் இரண்டு வயது வரை பால் குடித்தான். உடம்பு அதே உடம்பு.

ஒரு வீட்டுக் கதையை வைத்து ஊருக்கு விதி சொல்லமுடியாது, உண்மைதான். மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிரேமரும் கூட்டாளிகளும் பெலாரஸ் நாட்டில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 31 ஆஸ்பத்திரிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் வேலை செய்பவர்களுக்குத் தாய்ப்பாலூட்டலுக்கு உதவப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றப் பகுதியில் வழமைபோல விட்டுவிட்டார்கள். 17,046 தாய்களும் பிள்ளைகளும். மூன்றாம் மாதத்தில் பார்த்தபோது, பயிற்சி பெற்ற இடங்களில் பெற்றவர்களில் நூற்றுக்கு 43 பேர் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற இடங்களில் நூற்றுக்கு 6 பேர். முதல் வருடத்தில் வயிற்றோட்டம்போன்ற குடல் தொற்று வந்த பிள்ளைகள் முதல் பகுதியில் நூற்றுக்கு 9, மற்றதில் 13. 2001இல் வெளியான ஆய்வு இது. தாய்மார் எல்லோரும் ஒரே நாட்டுக்காரர்தான், அவர்களின் கட்டிலருகே வந்து நின்றவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதே வேறுபாடு.

கனடாவில் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்குபவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர். ஆறு மாதம் வரை வேறெதுவும் கொடுக்காமல் நிற்பவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் அளவே. இலங்கையில் 2016இல் எடுத்த கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். அளக்கும் முறை வேறு, நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக்கூடாது. ஆனாலும் ஊரில் மிட்வைப் அம்மா படலையைத் திறந்துகொண்டு வருவா, பிள்ளையை நிறுப்பா, மாமியையும் சேர்த்துப் பேசுவா. இங்கே படலையும் இல்லை, நாமாகக் கேட்டால்தான் ஆள் வரும்.

இந்தக் கேட்டுப்பெறும் வசதி இந்த நகரத்துக்குப் புதிதல்ல. 1984இல் குழந்தை மருத்துவர் ஜாக் நியூமன், சிக்கிட்ஸ் என்று நாம் சொல்லும் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், கனடாவில் ஆஸ்பத்திரிக்குள் நடந்த முதலாவது தாய்ப்பால் சிகிச்சைக்கூடத்தைத் தொடங்கினார். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் ‘குழந்தை நேய ஆஸ்பத்திரி’ திட்டத்தைக் கொண்டுவந்தது 1991இல்தான். அதற்கும் ஏழு வருடம் முந்தியது நியூமனுடைய வேலை.

இனிச் செய்யவேண்டியதற்கு வருவோம். கர்ப்பமாக இருக்கும்போதே தொடங்கவேண்டியது ஒன்று உண்டு. தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சலரோகம் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது. தாய்க்குச் சீனி இருந்தால், பிறந்த பிள்ளையின் குதியில் குத்தி இரத்தத்தில் சீனி பார்ப்பார்கள். குறைந்திருந்தால் உடனே ஏதாவது கொடுத்தாகவேண்டும், அந்த இடத்தில்தான் மாப்பால் போத்தல் வருகிறது. இதற்கு முன்கூட்டியே வழி பண்ணலாம். 36ஆம் கிழமைக்குப் பிறகு கையால் சீம்பால் எடுத்துச் சின்னச் சிறிஞ்சுகளில் உறையவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். அவுஸ்திரேலியாவில் நடந்த ஆய்வொன்று, வேறு சிக்கல் இல்லாத சலரோகத் தாய்மாருக்கு இது ஆபத்தில்லை என்று 2017இல் காட்டியிருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தாது. குறைமாதப் பிரசவ அபாயம் உள்ளவர்கள் தொடவே கூடாது. பிறந்த பிறகு சீனி குறைந்தால், கன்னத்தின் உட்புறத்தில் தடவும் குளுக்கோஸ் ஜெல் இருக்கிறதா என்றும் கேட்கலாம். அதைத் தடவிவிட்டு மார்பில் போடச் சொல்வார்கள்.

மொழியைப் பற்றி ஒரு சொல். நான் தலையாட்டிய கதையைச் சொன்னேன் அல்லவா? நீங்கள் ஆட்டாதீர்கள். ‘தமிழ் இன்ரப்பிரட்டர் பிளீஸ்’ என்ற மூன்று சொல் போதும். தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருவார்கள். கணவருக்கு ஆங்கிலம் தெரியும் என்பது உதவிதான். ஆனால் முலைக்காம்பு வெடித்திருக்கிறது என்பதைக் கணவர் வாயால், மாமனார் பக்கத்தில் இருக்க, அந்நிய வைத்தியரிடம் சொல்லுவிப்பது எத்தனை பெண்களால் முடியும்?

பிள்ளை பிறந்ததும் துடைத்து, துணி சுற்றாமல், தாயின் வெறும் நெஞ்சில் போடச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சை என்றாலும் கேட்கலாம், பல இடங்களில் சத்திரசிகிச்சை அறையிலேயே செய்கிறார்கள். முதல் மணி நேரத்தில் பிள்ளை விழிப்பாக இருக்கும், தானே ஊர்ந்து தேடும். நிறுப்பது, படம் எடுப்பது எல்லாம் அதற்குப் பிறகு.

பிறகு மணியை அழுத்துங்கள். முதல் முறை பால் கொடுக்கும்போது மட்டுமல்ல, அடுத்த அடுத்த முறையும். ‘தொந்தரவு பண்ணக்கூடாது’ என்று நம் பெண்கள் காட்டும் மரியாதை இந்த இடத்தில் பிழை. ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் ஆலோசகர் இருப்பார், ‘லக்ரேஷன் கொன்சல்ரன்ட்’ என்று கேட்டால் புரியும். அவர் பகலில் மட்டும் இருப்பார், வார இறுதியில் சில இடங்களில் இருக்கமாட்டார். ஆகவே காலை எட்டு மணிக்கே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

அவர் வந்தால் பேச்சாகக் கேட்டு அனுப்பிவிடாமல், பிள்ளையை மார்பில் போட்டுக் காட்டுங்கள். பிள்ளையின் மூக்கு காம்புக்கு நேரே இருக்கவேண்டும், வாயல்ல. வாயைக் கொட்டாவிபோல அகலத் திறந்ததும் முதலில் நாடி மார்பில் படும்படி அணைக்கவேண்டும். சரியாகப் பிடித்திருந்தால் கறுத்த வட்டத்தின் மேற்பக்கம் கூடுதலாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் வெளியில் தெரியும். பால் உள்ளே போகிறதா என்பதற்கு நியூமன் சொல்லிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று: பிள்ளை வாயைத் திறக்கும், நாடி ஒரு கணம் கீழே நிற்கும், பிறகு மூடும். அந்த ஒரு கணந்தான் வாய் நிறையப் பால் வருகிற நேரம். நிற்காமல் சும்மா சப்பிக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் மார்பில் கிடந்தும் பயனில்லை. பிள்ளை விட்ட பிறகு காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் நசிந்து உதட்டுச்சாயக் குச்சியின் நுனிபோலச் சரிந்திருந்தால் பிடி சரியில்லை, திரும்பவும் மணியை அழுத்துங்கள். ‘முதலில் நோகும், பல்லைக் கடித்துக்கொண்டு பொறு’ என்று எங்கள் அம்மாமார் சொன்னதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். வெடித்த காம்போடு வீட்டுக்குப் போனால் ஒரு கிழமையில் போத்தல் வந்துவிடும்.

இரண்டாம் இரவுதான் ஆளை விழுத்துகிற இரவு. முதல் நாள் முழுக்கத் தூங்கிய பிள்ளை அன்றைக்கு இருட்டியதிலிருந்து விடியும்வரை மார்பை விடாது. இறக்கினால் அலறும். தூக்கினால் சப்பும். பத்து நிமிடத்தில் திரும்பவும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கதிரையிலிருந்து குரல் வரும்: ‘பால் காணாது பிள்ளை. பசியிலதான் கத்துது. கொஞ்சம் மாப்பால் கரைச்சுக் குடுப்பமே?’

மாமி கெட்டவர் இல்லை. பேரப்பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. ஆனால் அந்த இரவில் பிள்ளை செய்வது பாலுக்கு ஓடர் கொடுக்கும் வேலை. எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு நாளைக்குச் சுரக்கும். போத்தல் கொடுத்த ஒவ்வொரு தரமும் ஒரு ஓடர் தள்ளுபடி. இதை நான் மருமகள்களிடம் சொல்வதைவிட மாமிமாரிடம் நேரே சொல்வதுதான் வழக்கம். சொன்னால் கேட்கிறார்கள், வேலையும் கொடுத்தால் இன்னும் நன்றாகக் கேட்கிறார்கள். பிள்ளையை ஏவறை எடுக்கத் தூக்குவது மாமியின் வேலை. ஈரப் பம்பர்ஸ் எண்ணுவதும் மாமியின் வேலை.

அந்த எண்ணிக்கைதான் உங்கள் அளவுகோல். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஆறாம் நாளிலிருந்து நாளுக்கு ஆறு நன்றாக நனைந்த பம்பர்ஸ் இருக்கவேண்டும். மலம் முதலில் தார்போலக் கறுப்பு, பிறகு பச்சை, நாலு ஐந்தாம் நாளில் மஞ்சள். 24 மணித்தியாலத்தில் எட்டுத் தடவையாவது குடிக்கவேண்டும். பிறந்த நிறையில் நூற்றுக்கு ஏழு வரை குறைவது பயப்படக்கூடியதல்ல, பத்தை நெருங்கினால் வைத்தியர் பார்க்கவேண்டும். பிள்ளை எழுப்பியும் எழும்பாமல் தூங்கினாலோ, மஞ்சள் நிறம் கால்வரை இறங்கினாலோ, மூன்றாம் நாளுக்குப் பிறகும் பம்பர்ஸில் செங்கல் தூள் நிறத்தில் கறை வந்தாலோ, காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். தாய்க்குக் காய்ச்சலும் மார்பில் ஒரு பக்கம் சிவந்து சுடுவதும் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். பால் கொடுப்பதை மட்டும் நிறுத்தவேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். சுறா வறை, உள்ளி, வெந்தயம், முருங்கையிலை, அம்மம்மா அரைக்கும் சரக்கு. இவற்றைக் குறைசொல்ல நான் ஆளில்லை, சுறா வறைக்காகவே இன்னொரு பிள்ளை பெறலாம். ஆனால் பாலைச் சுரக்கவைப்பது மார்பு காலியாவது. சுறா தாயைத் தேற்றும். மார்பு காலியாகாவிட்டால் சுறாவாலும் ஒன்றும் ஆகாது. பிள்ளைக்குத் தேனோ சீனித்தண்ணியோ தொட்டுவைக்கும் வழக்கத்தை மட்டும் கைவிடுங்கள். தேன் ஒரு வயதுக்குள் ஆபத்தானது. பிள்ளைக்கு இங்கே நாளுக்கு 400 ஐயு விற்றமின் டி சொட்டு மருந்து தேவை. தாய்ப்பாலில் அது போதாது, ஒன்ராறியோவின் மாரியில் வெயிலும் இல்லை.

பிள்ளை குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் கதை மாறும். மார்பில் போடமுடியாது, ஆகவே முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் கையாலோ பம்பாலோ எடுக்கத் தொடங்கி, நாளுக்கு எட்டுத் தடவை எடுக்கவேண்டும். பெரிய பம்பை வார்ட்டிலேயே தருவார்கள், வீட்டுக்கு வாடகைக்கும் எடுக்கலாம். உங்கள் பால் காணாவிட்டால் தானப்பால் உண்டு. மவுண்ட் சைனாய் ஆஸ்பத்திரியில் 2013இல் தொடங்கிய ரொஜர்ஸ் ஹிக்சன் ஒன்ராறியோ தாய்ப்பால் வங்கி, இரத்ததானம்போலப் பரிசோதித்த தாய்மாரிடமிருந்து பாலைப் பெற்று, கிருமி நீக்கி, மிகச் சிறிய பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுத்து அனுப்புகிறது. ‘வேறொருத்தியின் பாலா?’ என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: மும்பை சயன் ஆஸ்பத்திரியில் 1989 முதல் இப்படியொரு வங்கி நடக்கிறது.

எல்லாம் செய்தும் பால் போதாமல் போகும் பெண்களும் இருக்கிறார்கள். அதிக இரத்தப்போக்கு, தைரொயிட், முன்பு மார்பில் செய்த சத்திரசிகிச்சை, இன்னும் காரணங்கள் உண்டு. அவர்களுக்கு மாப்பால் மருந்து. அதற்காக ஒருவரும் தலைகுனியவேண்டாம். என் சண்டை எல்லாம், காரணம் தேடாமல் இரவு இரண்டு மணிக்கு நீட்டப்படும் போத்தலோடுதான்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளிக்கிடும் நாள். தாதி ஒரு படிவம் நிரப்புவார், பொதுச் சுகாதாரத் தாதி வீட்டுக்கு எடுத்துப் பேசச் சம்மதமா என்று கேட்பார். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து ‘வேண்டாம்’ என்று சொன்ன பெண்களை நான் அறிவேன். ஒன்ராறியோ முழுக்க எல்லாத் தாய்மாருக்கும் நடக்கும் வழமை அது, சம்மதம் என்று சொல்லுங்கள். அந்த ஆஸ்பத்திரியிலேயே வெளிநோயாளர் தாய்ப்பால் கிளினிக் இருந்தால், பெயரைப் பதிந்து நேரமும் வாங்கிக்கொண்டு கார் ஏறுங்கள். மிட்வைப்பிடம் பதிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். முதல் கிழமையில் அவர் வீட்டுக்கே வருவார், சுகாதார அட்டை இன்னும் வராத புதுக்குடிவரவாளரையும் அவர்கள் பார்ப்பார்கள்.

வீட்டில் மாட்டிக்கொண்டால் ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவின் இலக்கம் 416-338-7600. அவர்களின் தாய்ப்பால் கிளினிக்குகளில் காசு வாங்குவதில்லை. இரவில் 811ஐ அழுத்தினால் பதிவுபெற்ற தாதி பேசுவார். இரண்டுக்கும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

இன்னுமொரு இலக்கமும் வேண்டும், உங்களுக்குக் கொஞ்ச நாள் முந்திப் பெற்ற சிநேகிதியுடையது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் சிண்டி லீ டெனிஸ், இந்த நகரத்துக்குப் பக்கத்து இரண்டு ஆஸ்பத்திரிகளில் பெற்ற 256 தாய்மாரை வைத்து நடத்திய ஆய்வு 2002இல் வந்தது. பால் கொடுத்து அனுபவமுள்ள சாதாரணப் பெண்கள், சில மணித்தியாலப் பயிற்சியோடு, தொலைபேசியில் ஆறுதலாகப் பேசினார்கள். அப்படிப் பேச ஆள் கிடைத்தவர்களில் மூன்றாம் மாதத்திலும் பால் கொடுத்தவர்கள் நூற்றுக்கு 81. கிடைக்காதவர்களில் 67.

இந்த இலக்கங்களை உங்கள் தொலைபேசியில் மட்டுமல்ல, கணவரின் தொலைபேசியிலும் மாமியின் தொலைபேசியிலும் இன்றைக்கே பதிந்துவையுங்கள். மூன்றாம் நாள் இரவு உங்கள் இரண்டு கையும் பிள்ளையோடு இருக்கும்.